இருபத்தாறு பைசா

கிருபாராணியிடம் ரேட்டை மட்டும் சொன்னால் போதும். அந்த வீட்டில் எத்தனை பெண்கள் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள், அதில் எத்தனை பேர் கைவேகக்காரிகள், யார் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்பதுவரை புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். மூக்கண்டப்பள்ளியில் அவளுக்கு அப்படி ஒரு பேர். கொஞ்சம் பெருமைக்காரிதான். பெருமைப்பட அவளுக்கு வேறென்ன இருந்தது, இதையாவது வைத்துக்கொள்ளட்டும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ரேட்டைத் தப்பாகப் படித்துவிட்டாள். இருபத்தாறு பைசா. அதைப் போட்டவள் ஊர் பேர் தெரியாத யாரோ அல்ல, ஒன்பது வருஷம் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த வஜிஹா. அந்தத் தப்பில் போனது லாபமோ நஷ்டமோ அல்ல. வஜிஹாவே போய்விட்டாள்.

பிசிறு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம். வண்டிகளில் இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் ரப்பரில் ஒரு புஷ் வைப்பார்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது, கொழுக்கட்டை அச்சின் ஓரத்தில் மாவு வழிகிற மாதிரி, புஷ்ஷைச் சுற்றி மெல்லிசாக ரப்பர் வழிந்து நிற்கும். அதுதான் பிசிறு. அதை வெட்டாமல் வண்டியில் மாட்ட முடியாது. சிப்காட்டில் இருக்கும் ரப்பர் கம்பெனி புஷ்களை மூட்டை மூட்டையாக வீடுகளுக்கு அனுப்பும். பெண்கள் சின்னக் கத்தரிக்கோலால் ஓரத்தைச் சுற்றி வெட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு புஷ்ஷுக்கு இத்தனை பைசா என்று பேச்சு.

சாமல்பட்டியில் பிறந்த கிருபாராணி, எபினேசரைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எபினேசர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர், அவரை எப்படி அந்த வேலையில் வைத்தார்கள் என்று இவளே கேலி செய்வாள். கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு மூட்டை புஷ்ஷோடு தனியாக ஆரம்பித்தவள், அப்புறம் பன்னிரண்டு பெண்களை வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து வேலை வாங்கினாள். கம்பெனியில் அவள் பேருக்கே வெண்டர் கோடு, அதாவது நேரடியாக வேலை எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கும் நம்பர், கொடுத்தார்கள். அந்த நம்பரை அவள் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

வஜிஹா கிருஷ்ணகிரிக்காரி. புருஷன் கௌஸ் மொய்தீன் பூனா லைனில் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். ஒரே மகள் சுஹைனா. வஜிஹா இடதுகைக்காரி. இடதுகைக்காரிக்குச் சாதாரணக் கத்தரிக்கோல் ஒத்துவராது, விரலைக் கடிக்கும். அதற்காகவே கிருபாராணி பெங்களூர் போய் இரண்டு கடை ஏறி இறங்கி இடதுகைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வந்தாள். முழங்கை இடிக்காமல் இருக்கத் தன் இடப்பக்கம், சுவரோரம், அவளுக்கென்று ஓர் இடமும் ஒதுக்கிக் கொடுத்தாள். ரப்பர் வாடை தலைக்கேறாமல் இருக்க வஜிஹா வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு கிடக்கும். ஒரு வேடிக்கையைச் சொல்வதற்கு முன்னால் அவளே சிரித்து முடித்துவிடுவாள், சொல்லும்போது மற்றவர்கள் என்னத்துக்குச் சிரிப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். ஒன்பது வருஷத்தில் கிருபாராணி அதிகம் சிரித்தது அந்தச் சுவரோரத்தைப் பார்த்துத்தான்.

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பெனிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேட் கேட்பார்கள். 'உங்களிடம் ஆள் எத்தனை பேர்?' என்றும் கேட்பார்கள். அதற்கு யாரும் உள்ளபடி பதில் சொல்ல மாட்டார்கள். ஆள் குறைந்துபோச்சு என்று வாயைத் திறந்து சொன்னால், இவளால் ஆகாது என்று கோடு நம்பரையே எடுத்துவிடுவார்கள். அதனால் ஆள் குறையும்போது ரேட்டை ஏற்ற வேண்டும். 'அவளுக்கு வேற கம்பெனி வேலை வந்திருக்கு, கை நிறைய இருக்கு, அதான் பிகு பண்றா' என்று நினைத்துக்கொண்டு, கம்பெனி அவசரத்துக்குச் சின்ன லாட்டாகக் கொஞ்சம் சரக்கு மட்டும் அனுப்பும். கோடு உயிரோடு இருக்கும், மானமும் போகாது. ஆள் நிறைய இருந்து வேலை இல்லாவிட்டாலோ, சட்டென்று ரேட்டை இறக்கக் கூடாது. இறக்கினால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள், இன்னும் இறக்கு இன்னும் இறக்கு என்று கழுத்தைப் பிடிப்பார்கள். மொத்தத்தில் ரேட் என்பது வாசலில் போட்ட திரை. உள்ளே கூட்டமா, காலியா என்று வெளியே தெரியக் கூடாது. இதை ஓசூரில் கிருபாராணிதான் கண்டுபிடித்தாள் என்றில்லை, பெரிய பெரிய ஷெட் வைத்திருக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இவள் அளவுக்குக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தவர்கள் குறைவு. இந்த வித்தை வஜிஹாவுக்கும் அத்துபடி. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் கேட்டிருக்கிறாளே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் பிரியதர்ஷினி மேடம், ஒரே ஒருத்தரை நம்பி இருக்க முடியாது, இன்னொருத்தரும் வேண்டும் என்று சொல்லி வஜிஹாவுக்கும் ஒரு கோடு கொடுத்தார். வஜிஹா ஓடிவந்து கிருபாராணியிடம்தான் முதலில் கேட்டாள். வாங்கிக்கோ, உன் வீட்டிலேயே ஆள் வைத்துச் செய் என்று இவள்தான் சொன்னாள். சொன்னபோது உள்ளே சுருக்கென்றது உண்மை. ஆனாலும் சொன்னது மனசார. அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: கம்பெனி விஷயத்தை, ரேட் விஷயத்தை, ஒருத்தரிடம் ஒருத்தர் பேசக் கூடாது. பேசினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மனஸ்தாபம் வரும்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் கம்பெனியை விட்டால் பேச வேறென்ன இருந்தது? எந்த லாட்டில் பிசிறு தடித்திருக்கிறது, யாருடைய விரலில் கொப்புளம், யார் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, அவள் புருஷன் குடித்துவிட்டு என்ன செய்தான், எல்லாமே கம்பெனியில் ஆரம்பித்துக் கம்பெனியில் முடிகிற பேச்சு. அதை எடுத்துவிட்டதும் 'சாப்ட்டியா', 'சாப்ட்டேங்க்கா' என்பதோடு பேச்சு தீர்ந்துபோனது. பெருநாளைக்கு அங்கிருந்து ஒரு தூக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து ஒரு தூக்கு போகும். தூக்குகள் போய் வந்துகொண்டிருந்தன, மனுஷிகள் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருபது வீடுகளும்தான். பெண்பிள்ளைகள் மானத்துக்குப் பயந்தால் அந்த இருபது வீடு இருநூறு மைல் ஆகிவிடும்.

அப்புறம் போன் தயாரிக்கும் பெரிய கம்பெனியின் பஸ் தெருவுக்குள்ளேயே வர ஆரம்பித்தது. மாதச் சம்பளம், கேன்டீன் சாப்பாடு, யூனிஃபார்ம். வயசுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த பஸ்ஸில் ஏறினார்கள். கிருபாராணி யாரையும் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு என்ன உரிமை? பன்னிரண்டு ஏழாச்சு, ஏழு மூன்றாச்சு. போன வருஷம் ஜூன் மாதம் ஒருநாள் காலையில் பாயை விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், ஒருத்தியும் வரவில்லை. போதாததற்கு அவளுடைய வலது கை நடுவிரல், மடக்கினால் மடங்கினபடியே நின்றுவிடும், இடது கையால் பிடித்து நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது 'டக்'கென்று ஒரு சத்தம், கூடவே உயிர் போகிற வலி. வருஷக்கணக்காகக் கத்தரிக்கோல் பிடித்ததன் கூலி அது.

அவள் ரேட்டைப் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்றுக்கு ஏற்றினாள். எதிர்பார்த்த மாதிரியே சின்ன லாட் வந்தது. பகலெல்லாம் தனியாக வெட்டினாள். எபினேசர் ஷிஃப்ட் முடிந்து வந்து, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு புஷ்ஷுக்கு ஒரு ஸ்தோத்திரம் என்கிற வேகத்தில் உதவி செய்வார்.

ரேட் மட்டும் போதாது. மூட்டை இறக்க வரும் திம்மப்பன் வாயில் எதுவும் நிற்காது. கன்னடமும் தமிழும் தெலுங்குமாகக் கலந்து, இந்த வாசலில் பார்த்ததை அடுத்த வாசலிலும், எல்லா வாசலிலும் பார்த்ததைக் கம்பெனியிலும் இறக்கிவிட்டுத்தான் போவான். அவனுக்காகக் கிருபாராணி ஒரு காரியம் செய்தாள். பஸ்ஸில் போகும் பெண்கள் ஷூ போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று சட்டம், அதனால் அவர்களுடைய பழைய செருப்புகள் வீடுகளில் சும்மா கிடந்தன. ஏதோ ஆசிரமத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லி அவற்றைக் கேட்டு வாங்கி வந்தாள். தினமும் காலையில் ஒன்பது மணிக்கு வாசலில் பதினொரு ஜோடியைக் கலைத்துப் போடுவாள். அடுக்கி வைத்தால் சந்தேகம் வரும் என்று சிலதைக் கவிழ்த்தும், சிலதை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றியும் வைப்பாள். மாலை ஆறு மணிக்கு முறத்தில் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். கூடவே டிவியில் சீரியலைச் சத்தமாக வைத்துவிடுவாள். சீரியலில் எப்போதும் நாலு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டுதானே இருப்பார்கள். வெளியே நிற்கிறவனுக்குக் கூடம் நிறைய ஆள் இருக்கிற மாதிரி கேட்கும். எபினேசருக்கு இது பிடிக்கவில்லை, இது பொய் இல்லையா என்று கேட்டார். நான் வாயத் தொறந்து எதாச்சும் சொன்னனா என்று திருப்பிக் கேட்டாள்.

செப்டம்பரில் மறுபடி ரேட் கேட்டார்கள். போனில் பேசும்போது பிரியதர்ஷினி மேடம் சாதாரணமாகச் சொல்லுவதுபோல், வஜிஹா இருபத்தாறு போட்டிருக்கிறாள் என்று காதில் போட்டுவிட்டார். அவருக்கு அது வேலை. ஒருத்தியின் விலையை இன்னொருத்தி காதில் போட்டால்தான் இரண்டு பேரும் இறங்குவார்கள் என்று கணக்கு.

இருபத்தாறு. கிருபாராணி அன்று இரவு சோறு இறங்காமல் எழுந்துவிட்டாள். அவள் படித்தது இப்படி: வஜிஹாவிடம் ஆள் இருக்கிறது. அத்திப்பள்ளிப் பக்கத்துக் கம்பெனி எதுவோ அவளைப் பிடித்திருக்கிறது. இந்த வேலை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று இருக்கிறாள், அதனால்தான் இத்தனை தைரியம். அதற்கு ஏற்ற மாதிரி திம்மப்பனும், அந்தம்மா வீட்டு வாசலில் மூட்டை குமிந்து கிடக்கிறது என்று சொன்னான்.

இங்கேதான் கிருபாராணிமேல் நமக்கு ஆத்திரம் வருகிறது. தான் இருபத்துமூன்று போட்டது எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? ஆள் இல்லாதவள்தான் ரேட்டை ஏற்றுவாள் என்பது அவள் கரைத்துக் குடித்த பாடம். வேறு யார் இருபத்தாறு போட்டிருந்தாலும், 'பாவம், ஆள் ஓடிப்போச்சு போல' என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். வஜிஹா விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. உள்ளே சுருக்கென்று ஒன்று இரண்டு வருஷமாகக் கிடந்ததே, அது முந்திக்கொண்டது.

ஆனாலும் ஒருநாள் மனசு கேட்காமல் கிளம்பினாள். விரல் மோசமாகி, கத்தரிக்கோலைத் துணியால் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வெட்டும் நிலைமை. வஜியிடம் உள்ளதைச் சொல்லி, ரெண்டு பொண்ணுங்களக் குடு தாயி என்று கேட்டுவிடுவது என்று தீர்மானம். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினாள். வஜிஹா வீட்டு வாசலில் எட்டு மூட்டை, வாய் தைத்து, சுவரோரமாக. எட்டு மூட்டை வேலை வாங்குகிறவள் முன்னால் முடங்கின விரலோடு போய் நிற்பதா? பால் வாங்க வந்தவள் மாதிரி கடைப் பக்கம் திரும்பினாள். வீட்டில் பால் இருந்தது, இன்னொரு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ரேட்டில் இவளும் இருபத்தைந்து போட்டாள். அவளுக்கு மட்டுந்தான் ரோஷமா?

டிசம்பர் கடைசியில் போன் வந்தது. பிரியதர்ஷினி மேடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். உங்க ரெண்டு பேருக்குமே கை நிறைய வேலை இருக்கிறது, ரேட்டைப் பார்த்தாலே தெரிகிறது, இனிமேல் நாங்கள் தொந்தரவு செய்யப்போவதில்லை, அத்திப்பள்ளியில் ஒரே ஷெட்டில் நாற்பது பேரை வைத்து ஒருத்தர் பதினேழு பைசாவுக்குச் செய்து கொடுக்கிறார், ஜனவரியிலிருந்து எல்லாம் அங்கேதான் என்றார். ஹேப்பி நியூ இயர் என்றும் சொன்னார். கிருபாராணியும் திருப்பிச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அவள் நினைத்தது, வஜிஹாவுக்கு இதனால் ஒன்றும் குறைந்துபோகாது என்றுதான்.

ஜனவரி பதினாறாம் தேதி காலையில் தெருவே ஓடியது. இவளும் ஓடினாள். வஜிஹாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ரத்தமே இல்லாத முகம், மெழுகு மாதிரி. காதுக்குப் பின்னால் அவள் எப்போதும் சொருகும் முடி அப்படியே சொருகியிருந்தது. கௌஸ் மொய்தீன் சோலாப்பூரில் லாரியை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். பெண்கள் பேசிக்கொண்டதில்தான் கிருபாராணிக்கு விஷயம் தெரிந்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தப்போக்கு. நவம்பரிலேயே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். வஜிஹாதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசியில் ஜனவரி இருபது என்று ஒப்புக்கொண்டாள், அதற்கு நாலு நாள் முன்னால் இதயம் நின்றுவிட்டது.

கிருபாராணிக்கு அழுகைகூட ஒழுங்காக வரவில்லை. 'என்னிடம் சொல்லவில்லையே' என்று கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்தோடேயே மூன்று நாள் இருந்தாள். சாவு வீட்டில் எல்லாருக்கும் டீ போட்டாள், பாத்திரம் கழுவினாள், குளிப்பாட்டும்போது ஒதுங்கி நின்றாள், எடுத்துக்கொண்டு போகும்போது தெருமுனைவரை பின்னாலேயே போனாள். ஆபரேஷனைத் தள்ளிப்போட அப்படி என்ன தலைபோகிற வேலை, எட்டு மூட்டைப் பேராசையா என்று மனசுக்குள் செத்தவளோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் பாத்தியா ஓதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு, கௌஸ் மொய்தீன் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போயிருக்க, சுஹைனா மட்டும் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயசு. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். கிருபாராணி கூடமாட ஒத்தாசைக்குப் போனாள். வாசலை அடைத்துக்கொண்டு கிடந்த மூட்டைகளை உள்ளே நகர்த்திவிடலாம் என்று குனிந்தாள். புஷ் மூட்டை ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது, அதை எப்படிப் பிடித்து எப்படி மூச்சடக்கித் தூக்குவது என்று அவள் உடம்புக்கே பழக்கம். அப்படித் தூக்கினாள். மூட்டை தலையணை மாதிரி கையோடு மேலே வந்துவிட்டது. அவள் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தாள்.

தையலைப் பிரித்தாள். உள்ளே பிசிறு. வெட்டி எறிகிற பிசிறு, யாரும் வாங்காத குப்பை. அடுத்ததிலும் அதுதான். எட்டிலும் அதுதான்.

சுவரோரத்தில் ஒரே ஒரு பாய் விரித்திருந்தது. பாயின்மேல் ஒரு பலகை, ஒரு டப்பாவில் கிராம்பு, அந்த இடதுகைக் கத்தரிக்கோல். பிடியில் துணி சுற்றியிருந்தது, துணி கறுத்திருந்தது. அதைத் தவிர அந்த வீட்டில் இருந்தது இன்னும் ஒரே ஒரு கத்தரிக்கோல்.

மற்ற பொண்ணுங்க எங்கே என்று கேட்டாள்.

"எல்லாரும் போன் கம்பெனிக்குப் போயிட்டாங்க பெரிம்மா. ஆடி மாசத்துல இருந்தே அம்மா ஒண்டியாத்தான் வெட்டுச்சி. சனி ஞாயிறு நான் வந்து வெட்டிக் குடுப்பேன்."

அதன்பிறகு சுஹைனா தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் குனிந்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு லாட் தொடர்ந்து எடுக்காவிட்டால் கோடு போய்விடும், கோடு போனால் மகளின் படிப்பை எப்படி ஓட்டுவது என்று அம்மாவுக்கு அந்த ஒரே பயம். ஆறு வாரம், ஆறே வாரம், தன் பேரில் லாட்டை எடுத்து வெட்டிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கிருபாக்காவைக் கேட்கலாம், அக்கா மாட்டேன் என்று சொல்லாது என்று அம்மா ஒருநாள் தீர்மானம் செய்து, அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் கிளம்பிப் போனாள்.

கிருபாராணி அப்படியே பாயின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அக்டோபர் மாதம் எந்த வெள்ளிக்கிழமையும் அவள் எங்கேயும் போனதில்லை. அந்த மாதம் முழுக்கக் கத்தரிக்கோலைக் கையில் கட்டிக்கொண்டு கூடத்தில்தான் கிடந்தாள்.

"நான் அன்னிக்கு வூட்டுலதான் இருந்தேன் சுஹைனா. வரலியே கண்ணு."

"வந்துச்சி பெரிம்மா. உங்க வாசல்ல நின்னு ஒரு தடவ அக்கான்னு கூப்பிட்டுச்சாம். உள்ள பொம்பளைங்க பேச்சா இருந்துச்சாம், கேக்கல போலன்னு நெனச்சிக்கிச்சி. அப்புறம் செருப்ப எண்ணிப் பாத்துச்சாம். பதினொரு ஜோடி. வந்து எங்கிட்ட சொல்லிச்சி, அக்காவுக்கே தலைக்கு மேல வேல கெடக்குது, இதுல நம்ம பாரத்த வேற ஏத்துறதா, பாவம்னு."

சொல்லிவிட்டு அந்தப் பெண் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அம்மாவுக்கு உங்களை நினைத்து அன்று சந்தோஷம்தான், உங்க பெரிம்மா மறுபடியும் கூடம் நெறைய ஆளு வச்சிட்டாடி என்று ராத்திரி இரண்டு தடவை சொன்னாள் என்றாள்.

கிருபாராணிக்கு விரல் மடங்கி நின்றுவிட்டது. அதை நிமிர்த்த அவள் முயற்சி செய்யவில்லை. வஜிஹாவின் கிராம்பு வாசனை அந்தப் பாயில் இன்னும் இருந்தது. இவ்வளவு நேரம் செத்தவளோடு போட்ட சண்டையெல்லாம் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்தது. ஆறு வாரம். விரல் ஒடிந்தாலும் வெட்டிக் கொடுத்திருப்பாள். சபைப் பெண்கள் காலில் விழுந்தாவது நாலு பேரைக் கூட்டி வந்திருப்பாள். எபினேசரை லீவு போட வைத்திருப்பாள். ஆறு வாரம் என்ன, ஆறு மாதம் செய்திருப்பாள். யாரிடம் போய் இப்போது சொல்வது?

சுஹைனா மூட்டை ஒன்றின் தையலைத் திருப்பித் தைக்கப் போனவள் நிறுத்திவிட்டு, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அன்னிக்கு உள்ள எத்தன பேரு பெரிம்மா இருந்தாங்க?"

பதினொரு பேர் என்று சொல்லிவிடலாம். இத்தனை மாதமாகக் கம்பெனிக்கு, திம்மப்பனுக்கு, தெருவுக்குக் காட்டியது அதுதானே. சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் ஆறுதல், அம்மா சரியாகத்தான் திரும்பி வந்தாள், வேறு வழி இருக்கவில்லை என்று வாழ்க்கை முழுக்க நினைத்துக்கொண்டு இருந்துவிடும். அந்த ஒரு நிமிஷம் கிருபாராணிக்கு அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வஜிஹாவின் பாயில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"யாருமில்லம்மா. நான் ஒருத்திதான். செருப்பெல்லாம் நான் போட்டு வச்சது. டிவிதான் பேசிக்கிட்டு இருந்துச்சி."

சுஹைனா அவளையே பார்த்தாள். பார்த்து, எட்டு மூட்டையையும் பார்த்தாள். புத்திசாலிப் பெண், இதற்குமேல் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிருபாராணி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கதவருகே போய், சாப்பாடு எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். கதவு திறக்கவில்லை. மறுபடி கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்புகளையெல்லாம் முறத்தில் அள்ளித் தெருக்கோடியிலிருக்கும் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். எபினேசர் என்னவென்று கேட்டார். சொன்னாள். அவர் பொய் இல்லையா என்று முன்பு கேட்டதை நினைவுபடுத்தவில்லை. அவளுடைய மடங்கின விரலைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை சுஹைனா ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டிய நாள். பர்கூர் பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்குப் போகும் வழி கிருபாராணி வீட்டு வாசல்தான். அவள் காலையில் எழுந்து இட்லி அவித்து, டப்பாவில் போட்டு, கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். டிவி போடவில்லை. வாசலில் அவளுடைய ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. யார் பார்த்தாலும் உள்ளே ஒரே ஆள்தான் என்று தெரிந்துபோகும்.

எட்டு மணிவரை நின்றாள். தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தி, சுஹைனா அப்போதே போய்விட்டாள், பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள், பெட்டி கனத்திருந்தது, ஏன் இந்த வழியாகப் போகவில்லை என்று தெரியவில்லை என்றாள். கிருபாராணி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.